சேமப்படைத் தளபதி பெசெலர்

சில வாரங்களுக்கு முன் எங்கள் பிராசீன பாடசாலையிலே திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்தைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். படையை மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என ஆறாகப் பகுத்து, அவற்றுள் வழிவழி வந்த மூலப்படையே சிறந்ததெனப் பரிமேலழகர் கொள்ளும் இடம் வந்தது. மாணவர் ஒருவர் எழுந்தார். பீரங்கியும் ஆகாய விமானமும் பெருகிவிட்ட காலத்தில் இந்த ஆறு கூறுபாடும் பரீட்சைக்கு மனனஞ் செய்வதற்கன்றி வேறெதற்கு உதவும் என்று வினவினார். வினா நியாயமானதே. உடனே விடை கூற எனக்கு இயலவில்லை. சற்றுச் சிந்தித்தபோது, முதலாம் உலக மகாயுத்தத்திலே ஜேர்மனியின் சேமப்படைத் தொகுதியொன்றை நடத்திய ஹான்ஸ் ஹார்ட்விக் வொன் பெசெலர் என்பவரின் வாழ்க்கை நினைவுக்கு வந்தது. அன்று மணி அடிக்கும்வரை அவர் கதையையே சொன்னேன். வகுப்பிலே சுருக்கமாகச் சொன்னதை ஈண்டுச் சிறிது விரித்து எழுதுகின்றேன்.

பெசெலர் 1850ஆம் ஆண்டு ஏப்ரில் 27ஆம் நாள், பால்டிக் கடலை அடுத்த கிரைஃப்ஸ்வால்ட் என்னும் பழைய பல்கலைக்கழக நகரிலே பிறந்தார். தந்தையார் கேயோர்க் பெசெலர் சட்டப் பேராசிரியர். 1848ஆம் ஆண்டிலே ஜேர்மன் நாடுகளை ஒன்றாக்கி ஓர் அரசியற் சட்டம் வகுப்பதற்குப் பிராங்பேர்ட்டிற் கூடிய பேரவையில் அவரும் ஓர் அங்கத்தவர். மூத்தவர் இளையவர் என்ற பேதமின்றி அக்குடும்பத்தார் கல்வியாலும் அரச சேவையாலும் பெயர் பெற்றனர். பெசெலரின் உடன்பிறந்தாராகிய மாக்ஸ் பிற்காலத்திற் பிரஷ்யாவின் நீதி மந்திரியாக விளங்கினார். இத்தகைய வீட்டிலே பிறந்த பிள்ளை வாளை விரும்பிப் படையிற் சேர்ந்தது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் அவர் தேர்ந்துகொண்ட துறை, குதிரையேறிப் பாயும் துறையன்று. பாலம் அமைத்தல், அகழி தோண்டுதல், அரண் கட்டுதல், கட்டிய அரணை உடைத்தல் என்னும் வேலைகளுக்குரிய பொறியியற் படையிலேயே 1868ஆம் ஆண்டில் அவர் சேர்ந்தார். அஃதும் ஒருவகையிற் படிப்பாளியின் துறையே.

1870ஆம் ஆண்டு தொடங்கிய பிரெஞ்சு யுத்தத்தில் இளைஞராகப் போர்முகங் கண்டார். அதன் பின்னர் நாற்பது ஆண்டுகள் அமைதியிலே கழிந்தன. படிப்படியாக உயர்ந்து, 1904ஆம் ஆண்டிலே பொறியியற் படையின் தலைமையையும் நாட்டின் கோட்டைகள் அனைத்தையும் மேற்பார்க்கும் பதவியையும் ஏற்றார். அவ்வாண்டிலேயே வொன் என்னும் பிரபுப் பட்டமும் அவர் பெயரோடு சேர்ந்தது. படைத் தலைமைப் பணிக்குழுவின் அதிபராயிருந்த ஷ்லீஃபென் ஓய்வுபெறும் காலம் நெருங்கியபோது அந்த இடத்துக்குப் பேசப்பட்ட பெயர்களுள் இவர் பெயரும் ஒன்று. ஆனால் அப்பதவி இளைய மோல்ட்கேக்குச் சென்றது. அறுபதாம் வயதளவிலே பெசெலர் சேவையினின்று நீங்கிப் பிரஷ்யப் பிரபுக்கள் சபையில் அமர்ந்தார். அவர் வாழ்வு அத்துடன் நின்றிருக்குமாயின் இன்று அவரை நினைப்பார் மிகச் சிலரே. 1914ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலே போர் மூண்டது. அறுபத்து நான்கு வயதுக் கிழவராகிய அவரை மறுபடியும் அழைத்து, மூன்றாஞ் சேமப்படைத் தொகுதியை ஒப்புவித்தார்கள். சேமப்படையை நடத்தச் சேமத்திலிருந்த தளபதியே வந்தார்.

சேமப்படை என்றால் என்ன என்பதை இங்கே விளக்குதல் வேண்டும். அக்கால ஜேர்மனியிலே காலாட்படைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞன் இரண்டு ஆண்டு முகாமில் இருந்து பயில்வான். பின் வீடு திரும்பி உழவையோ தச்சையோ கடையையோ கவனிப்பான். ஆனால் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு அவன் பெயர் சேமப்படைப் பட்டியலில் இருக்கும். அதன் பின் லாண்ட்வேர் எனப்படும் நாட்டுக்காவற் படைக்கு மாறி, முப்பத்தொன்பதாம் வயதுவரை அதிலே நிற்பான். அதற்கும் அப்பால் நாற்பத்தைந்து வயது வரையுள்ளோர்க்கு இறுதிப்படையொன்று இருந்தது. இவ்வாறு ஊர்தோறும் வீடுதோறும் பரவிக் கிடந்தவர்களை ஒரே கட்டளையாற் சில நாட்களுக்குள் கூட்டிவிடலாம். பெட்டியிலே வைத்த பொருளை வேண்டும்போது எடுப்பது போன்ற ஏற்பாடு இது. சேமம் என்ற சொல் இதற்கு மிகப் பொருத்தம்.

1914 ஆகஸ்டிலே போர்முனைக்குச் சென்ற நிலைப்படைத் தொகுதிகள் 25. சேமப்படைத் தொகுதிகள் 14. இரண்டினது அமைப்பும் மேலோட்டமாக ஒன்றே. தொகுதி ஒன்றுக்கு இரண்டு படைப்பிரிவுகள். பிரிவுக்கு இரண்டு பிரிகேட்டுகள். பிரிகேட்டுக்கு இரண்டு ரெஜிமெண்டுகள். ரெஜிமெண்டுக்கு மூன்று பட்டாளங்கள். பெசெலரின் தொகுதியில் ஐந்தாம், ஆறாஞ் சேமப்பிரிவுகள் இருந்தன. அவற்றின் போர்வீரர் பிராண்டன்பர்க் மாகாணத்தவர். வேறுபாடு ஆயுதத்திலே புலப்படும். நிலைப்படைத் தொகுதிக்கு 160 பீரங்கிகள். அவற்றுள் 16 கனரகத்தவை. சேமப்படைத் தொகுதிக்கோ இலேசான பீரங்கிகள் 72 மாத்திரமே. கனரகப் பீரங்கி இல்லை. நிலைப்படைத் தொகுதிக்கு விமான அணி ஒன்று உண்டு. சேமப்படைக்கு அதுவும் இல்லை. கீழ்நிலை அதிகாரிகளிற் பெரும்பாலோர் நேற்றுவரை அலுவலகத்திலும் பாடசாலையிலும் இருந்தவர்கள். எனவே இவர்களைக் கொண்டு பின்னணியைக் காக்கலாமேயன்றி முன்னணியிற் போர் செய்ய முடியாதென்று பிரெஞ்சுத் தலைமை எண்ணியிருந்தது. ஜேர்மானியரோ அவர்களை முதல்நாளிலிருந்தே முன்னணியில் நிறுத்தினர். அவ்வாண்டு ஆகஸ்டிலே பிரான்சு பட்ட பெருந்தோல்விகளுக்கு இந்தத் தப்புக்கணக்கும் ஒரு காரணம்.

இத்தகைய தொகுதியொன்று முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்டது. அது ஒரே சாலையிற் செல்லுமாயின், முன் செல்வோர் அன்றைய பயணத்தை முடிக்குந் தறுவாயிற்றான் பின் வருவோர் அடியெடுத்து வைப்பர். இவ்வளவு பெரிய கூட்டத்தை ஒரு மனிதர் குரலால் நடத்துதல் இயலாது. ஆதலால் தளபதிக்கு அருகே பணிக்குழுத் தலைவர் ஒருவர் இருப்பார். திட்டம் வகுத்தலிலே தளபதிக்கு மாறான கருத்தைக் கூறவும் அவருக்கு உரிமையுண்டு. முடிவான பொறுப்பு தளபதிக்கே. கட்டளை அனுப்பும் முறையும் கருதத்தக்கது. அடைய வேண்டிய பயன் எதுவென்று மேலிருப்பவர் சொல்வார். அடையும் வழியைக் கீழிருப்பவர் தாமே தேர்வார். ஏவுபவர், ஏவப்படுபவர் இருவரும் ஒரே பயிற்சியிலே வளர்ந்து, ஒருவர் மேலொருவர் நம்பிக்கை வைத்திருந்தாலன்றி இம்முறை பலியாது. சேமப்படையின் வலிமை பீரங்கியின் தொகையில் இல்லை. முன்பே விதைக்கப்பட்ட அந்த நம்பிக்கையிலேதான் இருந்தது. வாசக அன்பர்கள் இதனை நினைவில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். பெசெலரின் வெற்றிக்கும் வீழ்ச்சிக்கும் திறவுகோல் இதுவே.

ஜேர்மன் சேனை நடுநிலை நாடாகிய பெல்ஜியத்தின் ஊடாகப் பிரான்சை நோக்கிப் பாய்ந்தது. பெல்ஜிய மன்னர் அல்பேர்ட் தம் படையோடு அன்ற்வேர்ப் துறைமுகக் கோட்டைக்குட் புகுந்தார். அங்கிருந்து அவர் பின்னாலே தாக்காதபடி காவல் நிற்கும் வேலை பெசெலருக்கு வந்தது. ஆகஸ்டு 25ஆம் நாளளவிலே பெல்ஜியர் கோட்டையினின்று வெளிப்பட்டுத் தாக்கினர். அதே நாட்களிலே, சிறிது தொலைவிலுள்ள லூவேன் நகரை ஜேர்மன் படையினர் தீக்கிரையாக்கினர். பொதுமக்கள் பலரைச் சுட்டனர். அந்நகர்ப் பல்கலைக்கழகத்தின் நூலகம் எரிந்தது. பல நூற்றாண்டாகத் தேடிச் சேர்த்த அச்சு நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் சாம்பராயின. நூலகம் ஒன்று எரிவதன் வேதனையை 1981ஆம் ஆண்டை அறிந்த நம்மவர்க்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அக்கொடுமையைப் பெசெலர் ஒருவர்மேல் ஏற்றுதல் முறையன்று. ஆயினும் அவர் நின்றது அதே கொடியின் கீழ் என்பதையும் மறைத்தல் முறையன்று.

அன்ற்வேர்ப் அக்கால ஐரோப்பாவின் பேரரண்களுள் ஒன்று. பிரியல்மோன் என்னும் பெல்ஜியப் பொறியியல் வல்லுநர் முன்னர் வகுத்த கோட்டை வளையமும், அதற்கு அப்பால் பின்னர் எழுந்த வெளிவளையமும் நகரைச் சூழ்ந்திருந்தன. உள்ளிருந்த பெல்ஜியர் தொகை, வெளியே நின்ற பெசெலரின் படைத் தொகையிலும் மிகுதி. அவர் கையிலிருந்தவையோ அவருடைய இரு சேமப்பிரிவுகளும், கடற்படையினரைத் தரைக்குக் கொண்டுவந்து அமைத்த பிரிவொன்றும், நிரப்புப்படையிலிருந்து திரட்டிய பிரிவொன்றும், நாட்டுக்காவற் படையணிகள் சிலவுமே. கோட்டையை முழுவதுஞ் சூழ்ந்து நிற்க அவை போதா.

கோட்டைகளைக் கட்டவும் காக்கவும் கற்ற கிழவர் இப்போது உடைக்கும் கணக்கைப் போட்டார். முழு வட்டத்தையும் வளைக்க முயலாமல், தென்கிழக்கிலே ஒரு பகுதியை மாத்திரந் தேர்ந்துகொண்டார். தம் தொகுதிக்கு இல்லாத கனரகப் பீரங்கிகளை வெளியிலிருந்து வருவித்தார். அவற்றுள் 42 சென்றிமீற்றர் வாயகன்ற குருப் பீரங்கிகளும், ஆஸ்திரியா அனுப்பிய 30.5 சென்றிமீற்றர்ப் பீரங்கிகளும் இருந்தன. இவ்வளவு பெரிய குண்டைத் தாங்கும்படி அக்கோட்டைகள் கட்டப்பட்டிருக்கவில்லை. கோட்டைப் பீரங்கிகள் எட்டாத தூரத்தில் நின்று செப்டெம்பர் 28ஆம் நாள் தாக்குதலைத் தொடங்கினார். அடுத்தடுத்த நாட்களில் வாலெம், லியர் முதலிய கோட்டைகள் நொறுங்கின. நகருக்கு நீர் வழங்கும் நிலையமும் சேதமுற்றது. ஒக்டோபர் 3ஆம் நாள் பிரித்தானியக் கடற்படை மந்திரியாயிருந்த சர்ச்சில் நேரிலே வந்து ஊக்கமளித்தார். கடற்படைத் துருப்புகளும் உதவிக்கு வந்தன. அவை காலம் நீட்டினவேயன்றி விளைவை மாற்றவில்லை. பெசெலரின் படை நேத ஆற்றைக் கடந்தது. 7ஆம் நாள் நள்ளிரவிலே நகரின்மேற் குண்டுமாரி தொடங்கியது. 9ஆம் நாள் ஜேர்மானியர் நகருட் புகுந்தனர். மறுநாள் கோட்டை முழுவதும் அவர்கள் வசமாயிற்று.

இரண்டாந்தரப் படையென்று எண்ணப்பட்டவர்கள் பேரரணைப் பன்னிரண்டு நாட்களிற் கைப்பற்றினர் என்று ஜேர்மனியெங்கும் மணியடித்துக் கொண்டாடினார்கள். ஆனால் அந்நாட்களில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பெல்ஜிய மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ஒல்லாந்து எல்லையை நோக்கி நடந்தனர். வெற்றியின் கணக்கிலே அவர்களையும் சேர்த்தல் வேண்டும். போர்க்கலை நோக்கிலும் அவ்வெற்றி முழுமையானதன்று. சூழப்படாத மேற்குப் பக்கத்தின் வழியாகப் பெல்ஜியக் களப்படை முன்னரே வெளியேறிவிட்டது.

தப்பிய அப்படையைப் பெசெலர் ஈசர் ஆற்றங்கரையிலே மறுபடி சந்தித்தார். கடற்கரையோரமாக முன்னேறி ஆங்கிலக் கால்வாய்த் துறைமுகங்களைப் பிடிப்பதே ஜேர்மானியர் நோக்கம். ஒக்டோபர் 22ஆம் நாளளவில் அவருடைய பிரிவொன்று ஆற்றைக் கடந்து அக்கரையிற் காலூன்றியது. பெல்ஜியர் ஆற்றுக்குச் சிறிது பின்னேயுள்ள இருப்புப்பாதை மேட்டிலே ஒதுங்கினர். இன்னும் ஒரு நெருக்கு நெருக்கினால் அவர்கள் சாய்வார்கள் என்ற நிலை. அப்போதுதான் உள்ளூர் நீர்ப்பாசன மேற்பார்வையாளர் கார்ல் கொக என்பவரும், ஹென்ரிக் கேரார்ட் என்னும் படகோட்டியும் காட்டிய வழியிலே, நியூபோர்ட் நகரின் மதகுகள் திறக்கப்பட்டன. கடல்நீர் பெருகும் வேளையில் மதகைத் திறந்தும், வற்றும் வேளையில் மூடியும், இரவிரவாக வயல்வெளிக்குள் நீரைச் சேர்த்தனர். முழங்காலளவு நீரும் சேறும் ஆற்றுக்கும் இருப்புப்பாதைக்கும் இடையே பரந்தன. மாதக் கடைசியிலே ஜேர்மானியர் பின்வாங்கினர். நீரையும் அரணுள் ஒன்றாக எண்ணிய நம் நூலோர் அதனை அறிந்திருப்பின் வியந்திரார். இரும்பாலும் சீமெந்தாலுமான அரணை உடைத்த வல்லுநரை, ஊர் மண்ணின் இயல்பறிந்த ஒரு படகோட்டி தடுத்துவிட்டார். அந்நாடு அவனுடையது, அந்நீர் அவன் சொற்கேட்டது.

அதே போர்க்களத்திலே பெசெலருக்கு அருகே புதிய சேமப்படைத் தொகுதிகள் நான்கு நின்றன. பெயர் ஒன்றேயாயினும் பொருள் வேறு. போர் தொடங்கிய பின் தாமாக வந்து சேர்ந்த இளைஞரையும், வயது சென்ற பழைய வீரரையும் கலந்து, ஏறத்தாழ இரண்டு மாதப் பயிற்சியோடு அவற்றை அனுப்பியிருந்தனர். பாடசாலை மாணவரும் பல்கலைக்கழக மாணவரும் அவற்றில் இருந்தனர். லாங்கெமார்க் முதலிய இடங்களில் அவர்கள் கொத்துக்கொத்தாக மாண்டனர். அவர்கள் தேசபக்திப் பாடல் பாடியவாறே பகைவரணியை வென்றனரென்று நவம்பர் 11ஆம் நாள் படைத் தலைமை அறிக்கை விட்டது. பிற்காலத்து நாற்சி அரசு அக்கதையை இளைஞர்க்கு ஊட்டி மேலும் பல இலட்சம் பேரைப் போர்க்களம் அனுப்பிற்று. மாண்டோரில் மாணவர் சிறு பகுதியினரே என்றும், அத்தாக்குதல்கள் வெற்றியல்ல என்றும் பின்வந்த ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் தொழிலிலே இருப்பவன் என்ற முறையில் இவ்விடத்தை விரைந்து கடக்க என்னால் இயலவில்லை. பயிற்சியில்லாதவனைச் சேமப்படை என்று பெயரிட்டு அனுப்புவது, முளைவிட்ட விதைநெல்லை உலையிலிடுவது போன்றது.

பெசெலரின் தொகுதி அவ்வாண்டு இறுதியிலே கிழக்கே ருஷ்யரோடு பொரச் சென்றது. 1915 ஆகஸ்டில் மற்றொரு கோட்டை அவரை எதிர்நோக்கியிருந்தது. வார்சோ நகருக்கு வடமேற்கே, நாரெவ் ஆறும் விஸ்துலா ஆறும் கூடும் இடத்திலுள்ள நோவோகியோர்கியெவ்ஸ்க் என்பது அது. மொட்லின் என்பர் போலந்து மக்கள். இம்முறையும் அவர்க்குக் கிடைத்தவை பெரும்பாலும் இரண்டாந்தரப் படைகளே. அன்ற்வேர்ப்பிற் கையாண்ட முறையே இங்கும். ஆகஸ்டு 20ஆம் நாள் கோட்டை விழுந்தது. எண்பதினாயிரத்துக்கு மேற்பட்ட ருஷ்யர் சிறைப்பட்டனர். மாதம் முடியுமுன் பெசெலர் ஜேர்மனி கைப்பற்றிய போலந்துப் பகுதிக்கு மகாதேசாதிபதியாக நியமிக்கப்பட்டார். அரண்களை வென்றவர் இனி மக்களை ஆள வேண்டும்.

போலந்து அப்போது நூறாண்டுக்கு மேலாக ருஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்னும் மூன்று வல்லரசுகளால் பங்கிடப்பட்டுக் கிடந்த நாடு. வார்சோவில் ருஷ்யர் 1869ஆம் ஆண்டிலே போலந்து மொழி உயர்கல்விக்கூடத்தை மூடி, ருஷ்ய மொழிப் பல்கலைக்கழகம் ஒன்றை அவ்விடத்தில் நிறுவினர். தங்கள் தலைநகரிலே தங்கள் மொழியில் உயர்கல்வி பெற இயலாமல் ஒரு தலைமுறைக்கு மேல் அம்மக்கள் வருந்தினர். ருஷ்யர் பின்வாங்கியபோது அப்பல்கலைக்கழகத்தையும் ரொஸ்தோவ் நகருக்குப் பெயர்த்துச் சென்றனர். எஞ்சியது வெறுங் கட்டிடம்.

1915ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் பெசெலர் அக்கட்டிடத்தின் கதவைத் திறந்தார். வார்சோப் பல்கலைக்கழகமும் பொறியியற் கல்லூரியும் அன்றே தொடங்கின. கற்பிக்கும் மொழி போலந்து மொழி. பல்கலைக்கழகத்தின் முதல்வராக வந்தவர் யோசெப் புரூட்சின்ஸ்கி என்னும் குழந்தை வைத்தியர். மூளையுறை அழற்சியைக் கண்டறிய உதவும் குறிகள் சில இன்றும் அவர் பெயரால் வைத்திய நூல்களில் வழங்குகின்றன. அடுத்த ஆண்டு மே மாதம் 3ஆம் நாள், பழைய போலந்து அரசியற் சட்டத்தின் நினைவுவிழாவை வெளிப்படையாகக் கொண்டாடவும் பெசெலர் இசைந்தார். ருஷ்யர் ஆட்சியில் எண்ணவும் இயலாத காட்சி அது. லூவேனில் நூலகத்தை எரித்த சேனையே வார்சோவிற் பல்கலைக்கழகத்தைத் திறந்தது என்பதை நினைக்குந்தோறும் யான் திகைக்கின்றேன். பேராசிரியரின் மகனுக்கு அச்செயலிலே உள்ளூர மகிழ்ச்சி இருந்திருக்கலாம். ஆனால் அது வெறும் தருமம் அன்று. போலந்து மக்களின் நன்றியைச் சேமித்து வைத்துப் பின் வேண்டும்போது எடுக்கலாம் என்ற கணக்கும் அதில் இருந்தது.

ஒரு கையாற் கொடுத்த ஆட்சி மறு கையால் எடுத்தது. லோட்ஸ் நகர நெசவாலைகளின் மூலப்பொருள்களும் செம்பும் யந்திரங்களும் ஜேர்மனிக்குச் சென்றன. காடுகள் வெட்டப்பட்டன. நகரங்களில் உணவு அருகியது. வேலையிழந்தோரைப் பிடித்துக் கட்டாய வேலைக்கு அனுப்பவும் 1916 ஒக்டோபரிலே கட்டளை பிறந்தது. நன்றி விளைய வேண்டிய நிலத்திலே உப்பு விதைக்கப்பட்டது.

அவ்வாண்டு வேர்டன், சோம் போர்க்களங்களிலே ஜேர்மனி இழந்த வீரரின் தொகை பல இலட்சம். சேமம் வற்றிக்கொண்டிருந்தது. புதிய ஆட்கள் எங்கே கிடைப்பர் என்று தலைமை தேடியபோது, போலந்திலே திடகாத்திரமான இளைஞர் பல இலட்சம் பேர் உளர் என்பது நினைவுக்கு வந்தது. 1916 நவம்பர் 5ஆம் நாள் வார்சோ அரண்மனையிலே பெசெலர் இரு பேரரசர்களின் பெயரால் போலந்து இராச்சியம் மீண்டும் அமையும் என்று பிரகடனஞ் செய்தார். அவ்விராச்சியத்துக்கு மன்னரும் குறிக்கப்படவில்லை; எல்லையும் வரையப்படவில்லை. நான்கே நாட்களில் ஆள்சேர்க்கும் அறிவித்தல் சுவர்களில் ஒட்டப்பட்டது. பிரகடனத்தின் உட்பொருளை அதனினும் தெளிவாக எவரும் உரை செய்ய இயலாது. மக்கள் படித்தனர், புரிந்துகொண்டனர். முன்வந்தோர் மிகச் சிலரே.

முன்னரே ஆஸ்திரியரோடு சேர்ந்து போரிட்டு வந்த போலந்து அணிகளைக் கொண்டேனும் ஒரு படை அமைக்கப் பெசெலர் முயன்றார். அப்படைக்குத் தலைமையும் அவரே ஏற்றார். மகாதேசாதிபதியின் நோக்கிலே அதுவும் ஒரு சேமப்படைத் தொகுதியே; பிரிவு, பிரிகேட்டு, பட்டாளம் எல்லாம் ஏட்டிலே ஒழுங்காக இருந்தன. 1917 யூலையில் அவ்வீரர்கள் ஜேர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் போர்த் தோழமை பேணுவதாகச் சத்தியஞ் செய்ய வேண்டுமெனக் கேட்கப்பட்டது. முதலாம், மூன்றாம் பிரிகேட்டுகளிற் பெரும்பாலோர் மறுத்தனர். மறுத்தோரை முகாம்களில் அடைத்தனர். அவர்கள் தலைவரான பில்சூத்ஸ்கி யூலை 22ஆம் நாள் கைதாகி மக்டபர்க் கோட்டைச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அவ்வாண்டிலேயே வார்சோ மாணவரும் வகுப்புகளைப் பகிஷ்கரித்தனர்; திறந்தவர் கையாலேயே பல்கலைக்கழகம் சில காலம் மூடப்பட்டது.

1918 நவம்பரிலே ஜேர்மனி உடைந்தது. பேரரசர் முடியிழந்தார். வார்சோவிலிருந்த ஜேர்மன் துருப்புகள் தங்களுக்குள் சபை அமைத்து, தளபதிகளின் கட்டளையை ஏற்க மறுத்தன. நாற்பது ஆண்டாகக் கண்ட கீழ்ப்படிவு ஓரிரவிலே மறைந்தது. நவம்பர் 10ஆம் நாள் பில்சூத்ஸ்கி சிறையிலிருந்து விடுதலையாகி வார்சோ வந்தார். மறுநாள் இரவிலே பெசெலர் விஸ்துலா நதியில் ஒரு படகேறி நகரை விட்டு நீங்கினார். ஜேர்மன் வீரரின் ஆயுதங்களைத் தெருத்தெருவாக வாங்கியவர்களுள் மாணவர் பலர் இருந்தனர். பெசெலர் திறந்த பல்கலைக்கழகத்திலே அந்நாட்களில் மாணவர் படையொன்று அமைந்தது. பிறந்துகொண்டிருந்த போலந்துக் குடியரசின் சேனையிலே அது பின்னர் 36ஆம் ரெஜிமெண்டு ஆயிற்று.

தாய்நாடு திரும்பியவரை வரவேற்பார் இலர். போலந்து மக்களுக்கு இடங்கொடுத்துக் கெடுத்தார் என்று ஒருசாரார் பழித்தனர். தம் படையை விட்டு ஓடினார் என்று மற்றொருசாரார் இகழ்ந்தனர். அன்ற்வேர்ப்பை வென்றபோது அடித்த மணிகளின் ஓசை எவர் செவியிலும் எஞ்சவில்லை. 1921ஆம் ஆண்டு டிசெம்பர் 20ஆம் நாள், பொட்ஸ்டாமை அடுத்த நொய்பாபெல்ஸ்பெர்க்கிலே எழுபத்தோராம் வயதில் அவர் காலமானார். பெர்லினிலுள்ள படைவீரர் இடுகாட்டில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

இவர் வாழ்க்கை நமக்குணர்த்துவது யாது? பெசெலர் கொடியவர் அல்லர். அறிவிலும் ஆற்றலிலும் குறைந்தவரும் அல்லர். பிராண்டன்பர்க் உழவனையும் தச்சனையும் அவர் அழைத்தபோது அவர்கள் வந்தனர். ஏனெனில் அவர்களுக்கும் அவருக்கும் இடையே தலைமுறை தலைமுறையாக ஒரு பற்று இருந்தது. அதுவே மூலப்படையின் உயிர். அதே குரலிலே வார்சோ இளைஞனை அழைத்தபோது அவன் அசையவில்லை. அவனைப் பட்டியலிலே மூலப்படையாக எழுதினார். அவனோ துணைப்படையாகவும் இசையவில்லை. சேமத்திலே நாம் வைத்ததைத்தான் நாம் எடுக்கலாம். பிறர் வைத்ததை எடுக்கப் போனால் கை வெறுங்கையாகவே மீளும். அவர் உண்மையாகவே வைத்த சேமம் ஒன்று உண்டு. அது அந்தப் பல்கலைக்கழகம். அதனை எடுத்துக்கொண்டவர் அவரல்லர், அம்மொழிக்குரிய மக்கள். இன்றும் அது அங்கே நிற்கின்றது.

கதையை முடித்தபோது வினவிய மாணவர் மறுபடியும் எழுந்தார். அப்படியாயின் பரிமேலழகர் கூறிய ஆறும் ஆயுதத்தாற் பிரித்தவையல்ல, அழைப்பவனுக்கும் வருபவனுக்கும் உள்ள உறவாற் பிரித்தவையோ என்று கேட்டார். யான் சொல்ல எண்ணிய விடை அதுவே. அவர் வாயாலே அது வந்ததில் எனக்குப் பெருமகிழ்ச்சி.